வீடே சானடோரியம் ஆன கதை

மலர்க் குழு நண்பர்கள் கட்டுரை கேட்டு மூன்று முறை போன் செய்துவிட்டார்கள். "ஹிஸ்டரி படிச்சவன் நீ, பல்லவர் பத்தி நாலு பக்கம் எழுதிக் குடுத்துடு" என்றார்கள். பல்லவரைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் செட்டிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். கைலாசநாதர் கோயிலும் எங்கும் ஓடிவிடப் போவதில்லை. எனக்கு வேறு ஒரு பாக்கி இருக்கிறது.

பி.ஏ. இரண்டாமாண்டு படிக்கும்போது, 1972இல், நம் பேராசிரியர் ஒருவர் "அவரவர் தெருவின் வரலாற்றை எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று சொன்னது சிலருக்காவது ஞாபகம் இருக்கும். நான் தெருக்கோடி மண்டபத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிப் பத்துக்கு ஏழு வாங்கினேன். ஆனால் என் தெருவைப் பற்றி எனக்கு உண்மையாகத் தெரிந்த வரலாறு அதுவல்ல. தெரிந்ததை எழுதியிருந்தால் என் அக்காவுக்குக் கல்யாணம் நடந்திருக்காது. இப்போது அக்கா பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அப்பாவும் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஐம்பது வருஷம் லேட்டாக அந்த வீட்டுப்பாடத்தை இந்த மலரில் ஒப்படைக்கிறேன்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிவீடு. நம்மோடு படித்தவர்களில் பலர் தறிவீட்டுப் பிள்ளைகள்தான், அதனால் அதிகம் விளக்க வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்தவர்களுக்காகச் சொல்கிறேன். வீட்டின் நடு அறை தறிக்கு. தரையில் குழி, குழிக்குள் மிதி. நெய்கிறவர் குழியில் காலைத் தொங்கவிட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். குழியில் கொஞ்சம் ஈரம் இருந்தால் பாவு அறாது என்பது பெரியவர்கள் கணக்கு. அதனால் காற்றும் வெயிலும் அந்த அறைக்குள் அளவோடுதான் வரும். நாம் பெருமையாகச் சொல்லும் காஞ்சிபுரம் கோர்வைக்கு இன்னொரு ஆள் வேண்டும். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக இருப்பதால், ஒரு பக்கத்துக் கரைக்குத் தனி நாடாவைத் தள்ள ஒரு பையன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். எங்கள் வீட்டில் அந்தப் பையன் நான்தான். அப்பாவின் தோளுக்கும் என் முகத்துக்கும் ஒரு முழ தூரம் இருந்தால் அதிகம்.

1961 ஐப்பசி வாக்கில் அப்பாவுக்கு இருமல் வந்தது. மழைக்கு வந்தது, மழை விட்டால் போய்விடும் என்றார்கள். மழை விட்டது, இருமல் விடவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல். ஊரில் பிராக்டீஸ் செய்த ஒரு டாக்டரிடம் போய்க் காட்டினார். சீசாவில் சிவப்புத் தண்ணி மருந்து கொடுத்தார்கள். தீர்ந்ததும் மறுபடி ஒரு சீசா. இப்படியே மாசி மாதம் வரை போயிற்று. அப்போது எனக்கு ஒன்பது வயது. சீசாவில் ஒட்டியிருந்த, அளவு காட்டும் காகிதத்தைக் கிழித்து விளையாடியது நன்றாக நினைவிருக்கிறது.

எங்கள் வீட்டுக்கு இந்த நோய் புதிதில்லை. பெரியப்பா 1948இல் சயரோகத்தில் போனவர். அவருக்காக ஒரு சானடோரியத்துக்கு மனு எழுதிப் போட்டிருந்தார்கள். எந்த சானடோரியம் என்பது இங்கே வேண்டாம். இடம் காலியானதும் தெரிவிக்கிறோம் என்று பதில் வந்தது. அவர் இறந்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, ஒரு வாரம் கழித்து "இடம் காலி, உடனே வரவும்" என்று கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தை அப்பா ஜரிகைக் கணக்கு நோட்டில் மடித்து வைத்திருந்தார். அவருக்கே அந்த நோய் என்று எக்ஸ்ரே சொன்னபோது, முதலில் அந்த நோட்டைத்தான் எடுத்துப் பார்த்தார் என்று அம்மா பின்னாளில் சொன்னாள்.

இங்கே கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். மருந்து இல்லாத காலத்தில் காசநோய்க்கு வைத்தியம் என்பது ஓய்வு, நல்ல காற்று, பால், முட்டை, இவைதான். இதற்கென்றே ஊருக்கு வெளியே சானடோரியங்கள் கட்டினார்கள். மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரம், கோவைப் பக்கத்தார்க்குப் பெருந்துறை, நமக்குத் தாம்பரம். நாம் செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் போகும்போது 'தாம்பரம் சானடோரியம்' என்று ஒரு ஸ்டேஷன் வருமே, அதன் பெயர்க்காரணம் இதுதான். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் தொடங்கியது அது. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பக்கம் அவர் நடத்திய சானடோரியத்தில்தான் கணித மேதை இராமானுஜன் 1917இல் சில காலம் இருந்தார் என்பது கணக்குப் பிரிவு நண்பர்களுக்கு ஓர் உபரித் தகவல்.

பிறகு மருந்துகள் வந்தன. 1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அடுத்து பி.ஏ.எஸ். வந்தது. 1952இல் ஐசோனியாசிட் என்ற மலிவான சிறு மாத்திரை வந்தது. இவற்றைச் சேர்த்து ஒரு வருஷத்துக்கு மேல் விடாமல் கொடுத்தால் நோய் தீரும் என்று மேல்நாட்டில் தெரிந்துவிட்டது. ஆனால் அங்கேயும் நோயாளியைப் படுக்கையில் வைத்துத்தான் கொடுத்தார்கள். நம் நாட்டிலோ நோயாளிகள் பல லட்சம், படுக்கைகள் சில ஆயிரம். மருந்து வந்த பிறகும் பெரியப்பாவைப் போன்றவர்கள் வரிசையில்தான் நின்றார்கள். பணமுள்ளவன் இடம் பிடித்தான், இல்லாதவன் கடிதத்துக்குக் காத்திருந்தான்.

இந்த இடத்தில்தான் சென்னை வருகிறது. 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நாலும் சேர்ந்து நடத்தியது. முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர். இளம் வயதுதான். அவரோடு ராமகிருஷ்ணன், தேவதத்தா, வேலு போன்ற நம்மவர்கள், புள்ளியியலுக்கு ராதாகிருஷ்ணா. வீடு வீடாகப் போக ஹெல்த் விசிட்டர் அம்மாக்கள்.

இவர்கள் கேட்ட கேள்வியைக் கேட்டால் இன்று சிரிப்பு வரும். ஒரே மருந்தை, ஏழை நோயாளி தன் வீட்டிலேயே இருந்து சாப்பிட்டால் குணமாகுமா, ஆகாதா? அன்றைக்கு அது சிரிக்கிற விஷயமில்லை. ஒற்றை அறையில் ஏழு பேர், அரை வயிற்றுச் சாப்பாடு, ஓய்வுக்கு வழியில்லை. அந்த வீட்டுக்கு ஒரு காசநோயாளியைத் திருப்பி அனுப்புவதே பாவம் என்று நினைத்த பெரிய டாக்டர்கள் இருந்தார்கள். நோயாளிக்கும் குணமாகாது, குழந்தைகளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை.

சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரை எடுத்துக்கொண்டார்கள். யார் வீட்டுக்கு, யார் சானடோரியத்துக்கு என்பதை டாக்டர் தீர்மானிக்கவில்லை, நோயாளியும் தீர்மானிக்கவில்லை. திருவுளச்சீட்டு மாதிரி ஒரு முறை. சிபாரிசுக் கடிதம் செல்லாத ஒரே க்யூ தமிழ்நாட்டில் அதுவாகத்தான் இருந்திருக்கும். இரண்டு தரப்புக்கும் ஒரே மருந்து, பி.ஏ.எஸ்.ஸும் ஐசோனியாசிட்டும், ஒரு வருஷம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு நல்ல சாப்பாடும் படுக்கையும் உண்டு. வீட்டில் இருந்தவர்கள் வாரா வாரம் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிப் போனார்கள். பழைய சாப்பாடு, பழைய வீடு, பலருக்குப் பழைய வேலையும்கூட.

1959இல் முடிவு உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. வருஷக் கடைசியில் சானடோரியத்தார் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்கும், வீட்டிலிருந்தவர்களில் எண்பத்தாறு பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்தபோது அந்தச் சின்ன வித்தியாசமும் மறைந்துபோயிற்று. சானடோரியத்தார் எடை அதிகம் கூடினார்கள், அது உண்மை. ஆனால் கிருமியைக் கொன்றது மருந்து.

அதைவிட முக்கியம் குழந்தைகள் விஷயம். வீட்டு நோயாளிகளின் குடும்பத்தாரையும் சானடோரியம் போனவர்களின் குடும்பத்தாரையும் வருஷக்கணக்கில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் வைத்துப் பார்த்ததால் யாருக்கும் கூடுதலாக நோய் வரவில்லை. ஒட்டவேண்டியது மருந்து தொடங்குவதற்கு முன்பே, நோய் என்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த மாதங்களில் ஒட்டிவிடுகிறது. மருந்து தொடங்கிய பிறகு பிரித்துவைப்பதில் பெரிய லாபம் இல்லை. ஒரு முழ தூரத்தில் உட்கார்ந்திருந்த என்னைப் பொறுத்தவரை இதற்கு அர்த்தம் இதுதான். எனக்கு ஆபத்து இருந்தது அப்பா மாத்திரை தின்ற வருஷத்தில் இல்லை, அதற்கு முந்தின, சிவப்புத் தண்ணி குடித்த நாலைந்து மாதங்களில்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். என் மகள் சமூக மருத்துவம் மேல்படிப்பு படித்தபோது அந்த 1959 கட்டுரையின் ஜெராக்ஸைக் கொண்டுவந்து, "அப்பா, நம்ம ஊர்ல நடந்ததை வெளிநாட்டுக்காரன் இன்னும் பாடமா வச்சிருக்கான் பாரு" என்றாள். நூறு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு. அட்டவணைகளை விட்டுவிட்டு மூன்று நாளில் படித்து முடித்தேன். படித்த பிறகுதான் 1962இல் எங்கள் வீட்டில் நடந்தது இன்னதென்று புரிந்தது.

எக்ஸ்ரே பார்த்த முதல் டாக்டர், "ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் சானடோரியத்துல இருக்கணும்" என்றார். அப்பா தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். ஒரு வருஷம் தறி நின்றால் முதலாளியிடம் வாங்கிய முன்பணம் என்னாவது? அதற்கும் மேலே ஒரு பயம். ஆள் ஒரு வருஷம் ஊரில் இல்லையென்றால் எங்கே போனான் என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். நெய்வதோ முகூர்த்தப் புடவை. சயரோகம் பிடித்தவன் நெய்த புடவையைத் தாலி கட்டும்போது யார் கட்டுவார்கள்? முதலாளி பாவு கொடுப்பாரா? வீட்டில் கல்யாணத்துக்குப் பெண் வேறு வளர்ந்துகொண்டிருந்தாள். "செத்தாலும் தறியில சாவறேன், போவ மாட்டேன்" என்று அப்பா சொன்னது எனக்குக் காதில் விழுந்தது.

பிறகு யாரோ சொல்லி அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே இருந்த ஓர் இளம் டாக்டர், "எங்கயும் போவ வேணாம், மாத்திரை இங்கயே வாங்கிக்கலாம். வேலையும் கொஞ்சம் கொஞ்சமா பாக்கலாம். ஆனா ஒரு நாள்கூட விடக்கூடாது" என்றாராம். "நிஜமாவா சார்?" என்று அப்பா கேட்டதற்கு, "மெட்ராஸ்ல பாத்துட்டாங்க" என்றாராம். அந்த ஒரு வாக்கியம் எங்கள் வீட்டில் ரொம்ப நாள் புழங்கியது. எதற்கெடுத்தாலும் அம்மா, "ஆமா, மெட்ராஸ்ல பாத்துட்டாங்க" என்பாள். என்ன பார்த்தார்கள், யார் பார்த்தார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்த 1962இல்தான் தேசியக் காசநோய்த் திட்டம் தொடங்கியது. சேத்துப்பட்டு முடிவை நம்பி, நாடு முழுக்க வீட்டுச் சிகிச்சை என்று தீர்மானித்திருந்தார்கள்.

அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகும்போது பட்டுநூல் பையைக் கையில் எடுத்துக்கொள்வார். ஜரிகை வாங்கப் போகிறார் என்று தெரு நினைத்துக்கொள்ளும். திரும்பி வரும்போது பைக்குள் மாத்திரையும் பி.ஏ.எஸ். பொட்டலங்களும் இருக்கும். மாத்திரை சின்னது, தண்ணீரோடு போய்விடும். பி.ஏ.எஸ். அப்படியில்லை. ஒரு நாளைக்குப் பத்து கிராம் அளவுக்கு விழுங்கியாக வேண்டும். ருசி சகிக்காது, வயிற்றைப் புரட்டும், சோறு இறங்காது. இருமல் நிற்கிற வரை அப்பா ஒழுங்காகச் சாப்பிட்டார். மூன்று மாதத்தில் இருமல் நின்றது, காய்ச்சல் நின்றது, முகத்தில் களை வந்தது. அவ்வளவுதான், நான் தேறிவிட்டேன் என்று முடிவு செய்துவிட்டார். வீட்டில் சொல்லவில்லை.

ஒரு நாள் அறுந்துபோன மிதிக்கயிற்றை மாற்ற அம்மா குழிக்குள் இறங்கினாள். குழியின் மூலையில், பழைய நூல் கழிவுக்கு அடியில், பிரிக்காத பொட்டலங்கள். எண்ணிப் பார்த்தாள், இருபதுக்கு மேல். அம்மா சத்தம் போடவில்லை. சத்தம் போட்டால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பொட்டலங்களை முந்தானையில் கட்டிக்கொண்டு அப்பா எதிரில் உட்கார்ந்தாள். ஜரிகை நோட்டிலிருந்து பெரியப்பாவின் கடிதத்தை எடுத்து அவற்றின் பக்கத்தில் வைத்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அப்பா அழுததை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

மறுநாளிலிருந்து எனக்கு ஒரு உத்தியோகம். அப்பா மருந்து விழுங்குகிறவரை எதிரில் நிற்க வேண்டும், விழுங்கியதும் வாயைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். சுவரில் கரியால் ஒரு கோடு போட வேண்டும். சம்பளம் ஒரு வெல்லக்கட்டி. பெற்ற அப்பனைப் பார்த்து "ஆ காட்டு" என்று சொல்லும் அதிகாரம் பத்து வயதில் எனக்குக் கிடைத்தது. பிற்பாடு தலைமையாசிரியராக இருந்து எவ்வளவோ பேரை அதட்டியிருக்கிறேன். அந்த அதிகாரத்துக்கு ஈடில்லை.

மகள் கொண்டுவந்த ஜெராக்ஸைப் படித்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்த இடம் இதுதான். சேத்துப்பட்டுக்காரர்கள் இதையும் பார்த்திருக்கிறார்கள்! மனிதன் மருந்தை வாங்கிக்கொண்டு போவதும் விழுங்குவதும் ஒன்றல்ல என்று அவர்களுக்கு முதலிலிருந்தே தெரியும். அதனால் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரை எடுத்துச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். தானே மருந்து சாப்பிடச் சொல்வதில் உள்ள சிக்கலைப் பற்றி ஃபாக்ஸ் 1958இலேயே தனிக்கட்டுரை எழுதியிருக்கிறார். ஒழுங்காகச் சாப்பிடாதவனைக் கெட்டவன், படிக்காதவன் என்று அவர் திட்டவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. தேறிவிட்ட மனிதன் மருந்தை விடுவது இயல்பு, முறையைத்தான் மாற்ற வேண்டும் என்று பார்த்தார். 1964இல் அந்த மையமே இன்னொரு முடிவை வெளியிட்டது. ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கூடுதல் அளவு ஐசோனியாசிட்டும் வாரத்துக்கு இரண்டே தடவை, ஆனால் கண்ணெதிரில் கொடுத்தால், தினமும் தானாகச் சாப்பிடுவதற்குக் குறையாமல் பலன் கிடைக்கிறது.

ஆக, நான் வெல்லக்கட்டிக்குச் செய்த வேலைக்கு விஞ்ஞானத்தில் ஒரு பெயர் இருக்கிறது. ஆனால் பெயரோடு அது ஊர் ஊராக வர முப்பது வருஷத்துக்கு மேல் பிடித்தது. வீட்டுச் சிகிச்சை என்ற பாதியை அரசாங்கங்கள் உடனே எடுத்துக்கொண்டன, ஏனென்றால் அது மலிவு. கூடவே இருந்து பார்த்துக்கொள்வது என்ற மறுபாதிக்கு ஆளும் பணமும் வேண்டும், அதை மெதுவாக மறந்துவிட்டன. அம்மா குழிக்குள் இறங்கியிராவிட்டால் எங்கள் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். எத்தனை வீட்டில் அப்படி முடிந்ததோ.

சிவப்புத் தண்ணி மருந்துக்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. பெங்களூரில் 1959இல் தொடங்கிய தேசியக் காசநோய் நிறுவனத்தில் பானர்ஜி, ஆண்டர்சன் என்ற இருவர், தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் கேட்டு 1963இல் எழுதினார்கள். அதற்கு முன் எல்லோரும் சொன்னது, கிராமத்தான் அறியாமையால் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை என்று. இவர்கள் பார்த்தால், நோயாளிகளில் பாதிப் பேருக்கு மேல் ஏற்கெனவே ஏதோ ஒரு ஆஸ்பத்திரிப் படி ஏறியிருக்கிறார்கள். இருமல் மருந்து சீசா கொடுத்துத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஏழை வரவில்லை என்பது பொய், வந்தவனைப் பார்க்கவில்லை என்பதே உண்மை. அப்பாவின் மூன்று சீசாக்களையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

நம் செங்கல்பட்டு மாவட்டமும் உலகப் பாடப்புத்தகத்தில் ஏறியிருக்கிறது. 1968 முதல் 1971 வரை திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில் பி.சி.ஜி. தடுப்பூசியை லட்சக்கணக்கானவர்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். நாம் கல்லூரியில் நுழைந்த வருஷங்கள் அவை. 1979இல் முடிவு வந்தபோது, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று தெரிந்து உலகமே திகைத்தது. சிறு குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைகளை அது தடுக்கும் என்பதால் இன்றும் பிறந்த குழந்தைக்குப் போடுகிறார்கள். அது ஒரு தனிக் கதை.

அமெரிக்காவிலும் இதே பாடத்தைப் படிக்க வேண்டி வந்தது. காசநோய் ஒழிந்தது என்று நினைத்து அங்கே சிகிச்சை நிலையங்களுக்குப் பணத்தைக் குறைத்தார்கள். 1992இல் நியூயார்க் நகரத்தில் மட்டும் 3,811 நோயாளிகள். நோய் எங்கே மண்டியது என்றால், கறுப்பின மக்களும், ஸ்பானிஷ் பேசும் லத்தீன் அமெரிக்க வழி வந்தவர்களும் நெருக்கியடித்து வாழும் பேட்டைகளில். ஹார்லெம் பகுதி ஆஸ்பத்திரியில் 1991இல் வெளியான ஒரு கணக்குப்படி, வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் மருந்தைத் தொடரவில்லை. உலகத்திலேயே பணக்கார நகரம், அங்கேயும் பொட்டலம் குழிக்குள்தான்! டாம் ஃப்ரீடன் என்ற இளம் டாக்டர் பொறுப்பேற்று, சுகாதார ஊழியர்களை வீட்டுக்கும் தெருமுனைக்கும் அனுப்பிக் கண்ணெதிரில் மருந்து கொடுக்கச் செய்தார். இரண்டே வருஷத்தில் நோய் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. அந்த முறையின் வேர் சென்னையிலும் ஹாங்காங்கிலும் இருக்கிறது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். 1996இல் ஃப்ரீடன் உலக சுகாதார நிறுவனத்துக்காக இந்தியாவுக்கு வந்து, 1997இல் தொடங்கிய நம் திருத்திய காசநோய்த் திட்டத்துக்கு உதவினார். சேத்துப்பட்டிலிருந்து கப்பலேறிய சரக்கு நியூயார்க் போய், லேபிள் ஒட்டிக்கொண்டு நமக்கே திரும்பி வந்தது. பட்டிலும் இப்படி நடந்திருக்கிறது, கடை வைத்திருக்கும் நண்பர்களைக் கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு அந்த 1959 முடிவைப் பற்றி மனத்தாங்கல் உண்டு. முடிவு தவறு என்று சொல்லவில்லை, அதைப் படித்த விதம் தவறு. மருந்து சரியாக இருந்தால் சாப்பாடு குறைந்தாலும் குணமாகும் என்று அவர்கள் காட்டியதை, ஏழைக்குச் சாப்பாடு முக்கியமில்லை என்று பலர் படித்துவிட்டார்கள். அப்பாவுக்கு மருந்து இலவசம். பால், முட்டைக்கு வழியில்லை. அம்மாவும் அக்காவும் தங்கள் பங்குச் சோற்றில் குறைத்து அப்பா தட்டில் போட்டார்கள். அந்த எடைக் குறைவு எந்த அட்டவணையிலும் வராது.

இதற்கும் பதில் வந்தது, அறுபது வருஷம் கழித்து. ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா என்ற மருத்துவத் தம்பதியர் நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. சுமார் 2,800 நோயாளிகள், அவர்கள் வீட்டார் பத்தாயிரத்துக்கும் மேல். நோயாளிக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, பால் பவுடர், எண்ணெய். ஒரு தரப்புக் குடும்பங்களில் வீட்டாருக்கும் அரிசியும் பருப்பும். அப்படிக் கொடுத்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது நூற்றுக்கு நாற்பது அளவுக்குக் குறைந்தது. இந்த ஆய்வில் சேத்துப்பட்டு மையமும் பங்கெடுத்தது. அது இப்போது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022இல் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கினார்கள். நோய் என்று தெரிந்த அன்றே எடை, மூச்சு, தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, ரொம்ப மெலிந்தவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொள்கிறார்கள். வீட்டில் இருக்க வேண்டியவர் வீட்டில், படுக்கை வேண்டியவர் படுக்கையில். 1948இல் இது இருந்திருந்தால் பெரியப்பாவை நான் பார்த்திருப்பேன்.

மருந்து இப்போது ஆறு மாதம்தான், ருசியைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. ஆனாலும் உலகத்துக் காசநோயாளிகளில் கால் பங்குக்குச் சற்று அதிகமானவர்கள் இன்னும் நம் நாட்டில்தான். ஒளித்துவைக்கிற பழக்கமும் போகவில்லை. சில வருஷத்துக்கு முன் நம் செட் நண்பர் ஒருவரின் வீட்டிலேயே இது நடந்தது. பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கு நான் எழுதுவது தெரியும்.

அப்பா 1963 கோடையில் மருந்தை முடித்தார். சுவரில் கரிக்கோடு இருந்த இடத்தை அந்த வருஷம் தீபாவளிக்கு வெள்ளையடித்தோம். எங்கள் எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுமில்லை. அப்பா அதன்பின் இருபத்தாறு வருஷம் நெய்தார். 1969இல் அக்கா கல்யாணத்துக்கு அரக்கும் பச்சையும் கோர்வை, அவரே நெய்தது, கரைக்கு நாடா தள்ளியவன் நான். 1999இல் எழுபத்தெட்டு வயதில் மாரடைப்பில் போனார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் சென்னைக்குப் போயிருந்தபோது, வேறு வேலை எதுவும் இல்லாமல், சேத்துப்பட்டில் அந்தக் கட்டடத்தைப் பார்க்கப் போனேன். கேட்டுக்கு வெளியே நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் எழுந்து வந்து, "பேஷண்டா சார்?" என்றார். "இல்லப்பா, எங்கப்பா" என்றேன். அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. "பெரியவரைக் கூட்டிக்கினு காலைல வாங்க, ஓ.பி. இந்தப் பக்கம்" என்று கையைக் காட்டினார்.